மதாம் ஜோஃப்ரானின் புதன்கிழமைகள்: கேள்வி பதில்

அறிவொளிக் காலத்து, அதாவது மதத்தையும் அரசையும் பகுத்தறிவால் கேள்வி கேட்ட பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிதங்களைப் படிப்பது வேலைக்காகத் தொடங்கியது, இப்போது பொழுதே அதில்தான் போகிறது.

கேள்வி: சார், சிரிக்காதீர்கள். சலோன் என்றால் என்ன? முடிவெட்டும் சலூனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

எதற்குச் சிரிக்க வேண்டும், சம்பந்தம் உண்டுதான். பிரெஞ்சில் வீட்டின் பெரிய வரவேற்பறைக்குச் சலோன் என்று பெயர். அந்தச் சொல் ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்து நம் ஊர்க் கடைப் பலகையில் ஏறிவிட்டது. பேப்பரைப் பிரித்துவைத்து அரசியல் பேசுகிற இடம் என்ற அளவில் நம் சலூனும் பொருத்தமான வாரிசுதான்.

ஆனால் அந்தக் காலத்தில் போய்வந்தவர்கள் யாரும் "சலோனுக்குப் போகிறேன்" என்று சொல்லவில்லை. "இன்னார் வீட்டுப் புதன்கிழமை" என்பார்கள், இல்லையென்றால் "இன்னாருடைய வட்டம்" என்பார்கள். கூட்டத்துக்கே சலோன் என்ற பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. எழுத்தாளர் திதரோ "சலோன்" என்ற தலைப்பில் நிறைய எழுதியிருக்கிறாரே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு: லூவ்ர் அரண்மனையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கும் அதே பெயர். அதைப் பற்றிய விமர்சனங்கள் அவை.

கேள்வி: பணக்கார வீட்டு விருந்துதானே ஐயா? அதில் சிந்தனை எங்கிருந்து வந்தது?

விருந்துதான். ஆனால் அதைக் கற்றுக்கொண்டு, ஒழுங்கு வைத்து, ஒரு தொழிலைப் போலச் செய்தார்கள். மரி-தெரேஸ் ஜோஃப்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1699இல் பிறந்தவர், பிரபுக் குடும்பம் இல்லை. பாட்டி வளர்த்தார். 14 வயதில், ஏறக்குறைய 50 வயதான ஒரு பணக்காரருக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். சான்-கோபான் அரச கண்ணாடித் தொழிற்சாலையில் பங்கு வைத்திருந்தவர் அவர். பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுத இந்த அம்மாவால் கடைசிவரை முடியவில்லை. ஆனால் மதாம் த தான்சான் என்ற பெண்மணியின் வீட்டுக் கூட்டங்களுக்குப் போய், யாரை எப்படிப் பேசவைக்கிறார்கள், வாக்குவாதம் எந்த இடத்தில் சண்டையாகிறது, அதை எப்படித் திருப்புகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகினார். 1749இல் தான்சான் இறந்ததும் அங்கே வந்துகொண்டிருந்த அறிஞர்கள் இவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை ஓவியர்கள், சிற்பிகள். புதன்கிழமை எழுத்தாளர்கள். ராத்திரி விருந்து என்ற வழக்கத்தை விட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு போட்டார். சாப்பிட்ட பிறகு பேசுவதற்கு முழுப் பிற்பகலும் கையில் இருக்கும். வந்தால் வாரா வாரம் வர வேண்டும். ஒரே ஆட்கள் ஒரே கிழமையில் பத்து, இருபது ஆண்டுகள் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் சென்ற வாரம் சொன்னதை மற்றவர் இந்த வாரம் வெட்டுவார். எழுதிக்கொண்டிருப்பதை வாசித்துக் காட்டினால், அச்சுக்குப் போகுமுன்பே அடி விழும்.

இன்னொன்று, பேச்சு எல்லை தாண்டினால் "வுவாலா கி எ பியான்" என்பார் ஜோஃப்ரான். "சரி சரி, நல்லது" என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மதம், அரசாங்கம் பற்றிய பேச்சு நின்றுவிடும். பிறகு கணிதமேதை தாலம்பேர், எழுத்தாளர் ரேனால் போன்றவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சாப்பாடு முடிந்ததும் துய்லேரி அரண்மனைத் தோட்டத்துக்கு நடந்துபோய், மரத்தடியில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டித் தீர்ப்பார்கள். அவர்களோடு போன பாதிரியார் மொரெல்லே இதை எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அந்த வீட்டைவிட இந்தத் தோட்டத்தின் மேல்தான் கண்.

கேள்வி: ஒரு படத்தில் எல்லா அறிஞர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் எழுத்தாளர் வால்டேரின் சிலை இருக்கும். அது நிஜமாக நடந்த கூட்டமா?

இல்லை. ஜோஃப்ரான் வீட்டில் 1755இல் வால்டேரின் நாடகம் வாசிக்கப்படுவதாக லெமோனியே என்ற ஓவியர் 1812இல் வரைந்தது அது. ஐம்பத்தேழு ஆண்டு கழித்து! ஒரே நாளில் அந்த அறையில் சேர்ந்திருக்க வழியே இல்லாதவர்களை எல்லாம், தத்துவஞானி ரூசோ உட்பட, கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். குடும்பப் போட்டோவில் வெளியூர்க்காரர்களை ஒட்டிச் சேர்ப்பதுபோலத்தான்.

கேள்வி: பார்வையிழந்த ஒரு சீமாட்டிக்கும் அவருடைய உதவியாளருக்கும் நடந்த சண்டை பற்றி எங்கோ படித்தேன். விரிவாகச் சொல்லுங்களேன்.

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். மதாம் து தெஃபான், நாக்கு கூர்மையான பெண்மணி. பாரிஸில் சான்-ழோசேஃப் கன்னிமடத்தை ஒட்டிய குடியிருப்பில் வாழ்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டியதும் கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. தன் சகோதரர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஜூலி த லெஸ்பினாஸ் என்ற இளம்பெண்ணை 1754இல் துணைக்கு அழைத்துவந்தார். ஜூலி திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர். சொத்தும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி பெயரும் இல்லை.

து தெஃபானுக்குப் பகலில்தான் தூக்கம். மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்து வருவார். விருந்தாளிகள் சிலர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, ஜூலியின் சின்ன அறையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். தாலம்பேர்தான் அதில் முதல் ஆள். இது சில காலம் ரகசியமாக நடந்தது. 1764இல் தெரிந்துபோனது. கிழவி கொதித்துவிட்டார். தன் வீட்டுக்குள்ளேயே தன் கூட்டத்தைத் திருடிவிட்டாள் என்று ஜூலியை வெளியேற்றி, "அவளா, நானா?" என்று தாலம்பேரைக் கேட்டார். தாலம்பேர் ஜூலியின் பக்கம் போனார். இன்னும் பலரும் போனார்கள்.

ஜூலியிடம் விருந்து வைக்கக் காசில்லை. நண்பர்கள் உதவினார்கள். ஜோஃப்ரான் ஆண்டுதோறும் பணம் கிடைக்க வழி செய்தார். தினமும் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை கதவு திறந்திருக்கும், சாப்பாடு கிடையாது. இருந்தும் அறை நிறைந்தது. "பணக்கார விருந்துதானே" என்று கேட்ட நண்பர் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாலம்பேரின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது முழுசாகப் புரியும். 1717இல் ஒரு தேவாலயப் படிக்கட்டில் விடப்பட்ட குழந்தை அவர். பெற்றவர் வேறு யாருமில்லை, மேலே சொன்னேனே, அதே மதாம் த தான்சான். வளர்த்தவர் ஒரு கண்ணாடிக்காரரின் மனைவி. உலகமே போற்றும் கணிதமேதை ஆன பிறகும் அந்த வளர்ப்புத் தாயின் வீட்டிலேயே 1765 வரை தங்கியிருந்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்த இருவர், தாலம்பேரும் ஜூலியும், கடைசியில் ஒரே வீட்டின் வெவ்வேறு மாடிகளில் குடியிருந்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

கேள்வி: கடவுள் இல்லை என்று வெளிப்படையாகப் பேச முடிந்ததா அண்ணா?

யார் வீடு என்பதைப் பொறுத்தது தம்பி. ஜோஃப்ரான் வீட்டில் முடியாது. நாத்திக எழுத்தாளர் பரோன் தோல்பாக் வீட்டில் வியாழனும் ஞாயிறும் அதற்குத்தான் போவார்கள். 1763இல் ஆங்கிலத் தூதரகச் செயலாளராக பாரிஸுக்கு வந்த ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், முதல் தடவை அந்த மேசையில் உட்கார்ந்ததும், நாத்திகர் என்று ஒருவரை நான் பார்த்ததே இல்லை என்றாராம். மொத்தம் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள் என்றார் தோல்பாக். 18 பேர். "பரவாயில்லை, 15 பேரை உடனே காட்டிவிடலாம், மற்ற மூன்று பேர் இன்னும் முடிவெடுக்கவில்லை." திதரோ ஒரு கடிதத்தில் சொல்லும் கதை இது. அவர் கொஞ்சம் மசாலா சேர்க்கக் கூடியவர், பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையில் பேசலாம், அச்சில் போட்டால் ஆபத்து. தோல்பாக் 1770இல் தன் நாத்திக நூலை அச்சிட்டபோது, பத்து ஆண்டுக்கு முன்பே இறந்துபோன மிராபோ என்ற பிரெஞ்சு அகாதமிச் செயலாளரின் பெயரைப் போட்டார். செத்தவரை யார் கைது செய்வது? பாரிஸ் நீதிமன்றம் புத்தகத்தைத்தான் எரிக்க முடிந்தது. அந்த மேசையில் சாப்பிட்ட நண்பர்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கேள்வி: இருபது பேர் அறைக்குள் பேசியது ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இதுதான் நல்ல கேள்வி. பெரும்பாலும் கடிதம் வழியாக. வந்த கடிதத்தைச் சத்தமாக வாசிப்பார்கள், பிரதி எடுப்பார்கள், பிரதி இன்னொரு நகரத்துக்குப் போகும். வால்டேர் 1750 முதல் 1778 வரை பாரிஸில் காலே வைக்கவில்லை. இருந்தும் எல்லா வீட்டிலும் அவர் பேச்சுதான், காரணம் கடிதங்கள். கிரிம் என்ற ஜெர்மானியர் 1753 முதல் பாரிஸ் செய்திகளையும் விமர்சனங்களையும் ஒரு கையெழுத்துப் பத்திரிகையாக நடத்தினார். அச்சடித்தால் தணிக்கை உண்டு, கையால் நகலெடுத்தால் இல்லை. சந்தாதாரர்கள் பதினைந்து பேர் அளவில்தான். ஆனால் ரஷ்ய மகாராணி காதரின் போன்ற அரச குடும்பத்தினர்!

திதரோ தொகுத்த கலைக்களஞ்சியம் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். 1751இல் தொடங்கி 1772இல் முடிந்தது: எழுத்து 17 தொகுதிகள், படங்கள் 11. 1759இல் அனுமதி ரத்தாகி, மீதமுள்ள தொகுதிகள் இன்றைய சுவிட்சர்லாந்திலுள்ள நொய்ஷாத்தெலில் அச்சானதாகப் பொய் முகவரியுடன் வந்தன. தணிக்கைத் துறைத் தலைவர் மால்ஸெர்ப் ஒரு தடவை, "நாளை உங்கள் தாள்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிடப் போகிறேன்" என்று திதரோவுக்கு முன்னதாகவே சொல்லியனுப்பினார். ஒரே நாளில் எங்கே ஒளிப்பேன் என்று இவர் தவித்தபோது, "என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள்" என்றாராம். திதரோவின் மகள் எழுதியிருக்கிறார்.

கேள்வி: பெண்கள்தான் நடத்தினார்கள் என்றால் இது பெண் விடுதலையா?

அவ்வளவு தூரம் போக மாட்டேன். அமெரிக்க வரலாற்றாசிரியர் தீனா குட்மன், இந்தப் பெண்கள்தான் விவாதத்துக்கு ஒழுங்கைத் தந்தார்கள், அவர்களை அறிவொளியின் ஆளுநர்கள் என்றே சொல்லலாம் என்கிறார். அந்த்வான் லில்தி என்ற பிரெஞ்சு ஆய்வாளர், இது அடிப்படையில் மேட்டுக்குடி உபசாரம், எழுத்தாளர்கள் ஆதரவு தேடிப் போனார்கள் என்கிறார். நான் இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் குட்மன் பக்கம். பேச்சை நடத்துவதும் உழைப்புதான். ஆனால் கலைக்களஞ்சியத்தில் எழுதியவர் பட்டியலைப் பாருங்கள், ஏறக்குறைய முழுக்க ஆண்கள். நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் பெயர்த்த எமிலி து ஷாத்லேவுக்கே அறிவியல் அகாதமியில் இடமில்லை. மேசையின் தலைமாட்டில் நாற்காலி கிடைத்தது, அகாதமியில் கிடைக்கவில்லை.

கேள்வி: ரூசோவுக்கு ஏன் இதெல்லாம் பிடிக்கவில்லை?

கூச்சம் ஒரு பாதி, கொள்கை ஒரு பாதி. பெண்களைச் சுற்றி உட்கார்ந்து பேசியே பாரிஸ் ஆண்கள் மென்மையாகிவிட்டார்கள் என்று 1758இல் தாலம்பேருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்திலேயே சாடினார். அவரை நான் ரசித்துப் படிப்பேன், பக்கத்து வீட்டில் குடிவைக்க மாட்டேன்.

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சி இங்கேதான் பிறந்ததா?

இல்லை. பெரும்பாலானோர் 1789க்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தோல்பாக் அதே ஆண்டு ஜனவரியில். ஜூலியின் அறையில் உட்கார்ந்திருந்த கணித அறிஞர் கோந்தொர்சே புரட்சியில் இறங்கினார், 1794இல் சிறையில் இறந்தார். மால்ஸெர்ப் மன்னர் பதினாறாம் லூயிக்காக வாதாடி, பிறகு தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினுக்குப் போனார்.

கேள்வி: ஐயா, நான் புதுச்சேரிக்காரி. இந்த வட்டங்களில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததா?

வந்தது அம்மா. 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த பிரெஞ்சுத் தளபதி லாலியை 1766இல் பாரிஸில் தலைவெட்டிக் கொன்றார்கள். அது அநியாயத் தீர்ப்பு என்று வால்டேர் ஆண்டுக்கணக்கில் எழுதினார். தீர்ப்பு ரத்தான செய்தி 1778 மே மாதம், அவர் சாவதற்கு நான்கு நாள் முன்பு வந்தது. படுக்கையிலிருந்தே லாலியின் மகனுக்குக் கடிதம் சொல்லி எழுதவைத்தார்.

இன்னொரு கதை அவ்வளவு பெருமைக்குரியதல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து திரும்பிய மொதாவ் என்ற பிரெஞ்சு அதிகாரி 1760இல் வால்டேரைப் பார்த்து "எசூர்வேதம்" என்ற கையெழுத்துப் பிரதியைத் தந்தார். அலெக்ஸாந்தருக்கு முந்தைய இந்திய நூல் என்று வால்டேர் நம்பிவிட்டார். பைபிளைவிடப் பழைய ஞானம் இந்தியாவில் இருக்கிறது என்று காட்ட அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார். பிரதியை 1761இல் அரச நூலகத்துக்கும் கொடுத்தார். உண்மையில் அது இயேசு சபைப் பாதிரிகளின் கைவேலை. உருவ வழிபாட்டை மறுத்து இந்துக்களை மதம் மாற்றுவதற்காக எழுதியது. பாதிரிகளை வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்த மனிதர் பாதிரிகள் எழுதியதையே ஆயுதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார்!

புதுச்சேரியில் இருந்த மற்ற பிரதிகளைப் பார்த்து இது போலி என்று விளக்கிக் கட்டுரை எழுதியவரை உங்களுக்குத் தெரியும்: திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், நம் எல்லீசன்தான். கட்டுரை 1822இல் அச்சானது. வால்டேர் இறந்து 44 ஆண்டு ஆகியிருந்தது. எல்லீசனும் அதைப் பார்க்கவில்லை, 1819இலேயே இராமநாதபுரத்தில் இறந்துவிட்டார்.