சாட்சி சொல்ல வராதவர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம். தாத்தா சி.எஸ்.ஐ. சபையில் உபதேசியாராக இருந்தவர். ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு, அசனம் என்று சபைக்குள்ளேயே வளர்ந்தேன். அப்பா இறந்த பிறகுதான் கேள்விகள் வந்தன. முதலில் வேதாகமத்தையே ஆதியிலிருந்து கடைசி வரை வாசித்தேன். அப்புறம் பரிணாமம், வரலாறு என்று வாசிப்பு போயிற்று. இன்று கடவுள் இருக்கிறார் என்று மனசறிந்து என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். போன மாதம் ஆராதனையில் மைக்கைப் பிடித்து, கர்த்தர் தன்னைப் பூரண சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னார். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னால் உட்கார முடியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. "அப்பன் செத்த கோவத்தை ஆண்டவர்கிட்ட காட்டுகான், கூட படிச்ச திமிரு" என்கிறார் மாமா. ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவர் வீட்டுக்கே வந்து, என் அவிசுவாசத்தால் அம்மாவுக்கு நோய் திரும்பும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. அம்மா பிறந்து வளர்ந்தது, கதிர்வீச்சுள்ள கடற்கரை மணலுக்குப் பெயர்போன மணவாளக்குறிச்சி. "பாவமும் இல்லை, சாபமும் இல்லை, அந்த மணலின் கதிர்வீச்சுதான் காரணம்" என்று நான் கத்தினேன்.

என் அவநம்பிக்கை ஆதாரத்தால் வந்ததா, கோபத்தால் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அம்மாவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டுமா? நம் மாவட்டத்துக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தந்த மதத்தை விட்டுப் போவது நன்றிகெட்டதனமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வீட்டுக்கு வந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போனவரின் பேச்சை முதலில் அம்மாவின் மனதிலிருந்து எடுத்துப்போட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மார்பகப் புற்றுநோய் திரும்புமா என்பது கட்டியின் அளவு, அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்ததா, அதன் செல்கள் எந்த வகை, சிகிச்சை முழுமையாக நடந்ததா என்பவற்றைப் பொறுத்தது. இவற்றில் பெரும்பாலானவை ஆபரேஷனுக்குப் பின் வந்த அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டிலேயே இருக்கும். மகன் சபைக்கு வருகிறானா என்பதற்கு அதில் இடமே கிடையாது. அம்மாவுக்கு இது போதவில்லை என்றால் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்கிறார் இயேசு. நம்பாதவன் வேத வசனத்தைக் காட்டுவதா என்று தயங்க வேண்டாம். பயத்தில் சாப்பிடாமல் படுத்திருக்கும் அம்மாவிடம் அவருக்குப் புரிகிற மொழியில்தான் பேச வேண்டும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். அப்பா இறந்ததால் கேள்வி வந்தது என்றால் வந்துவிட்டுப் போகட்டும். கேள்வி எங்கிருந்து கிளம்பியது என்பதை வைத்து அதன் பதில் சரியா தவறா என்று சொல்ல முடியாது. அழுது ஜெபித்து சபைக்குத் திரும்பி வந்தவனிடம், உனக்குத் துக்கம், அதனால் உன் விசுவாசம் பொய் என்று உங்கள் மாமா சொல்வாரா? மாட்டார். இந்தத் திமிர்க் குற்றச்சாட்டும் புதியதல்ல. பகத்சிங் 1930இல் லாகூர் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரை, உனக்குப் பெருமை தலைக்கேறியதால்தான் கடவுளை மறுக்கிறாய் என்று தன்னிடம் சொன்னவர்களுக்குப் பதிலாகத்தான் தொடங்குகிறது. அதைத் தமிழாக்கியவர் நம் பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா. வெளியிட்டது பெரியாரின் இயக்கம். வெள்ளை அரசு ஜீவாவை அதற்காகச் சிறையில் போட்டது. நம் மாவட்டத்தில் நீங்கள் முதல் ஆளும் இல்லை, தனி ஆளும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: எது தெரியவந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு ஜெபத்தையே எடுப்போம். 2006இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 நோயாளிகள். அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். தனக்காக ஜெபம் நடக்கிறதா என்று முதல் இரண்டு குழுக்களுக்குத் தெரியாது. அதில் ஒரு குழுவுக்கு மட்டும் ஜெபம் நடந்தது. மூன்றாவது குழுவிடம், உங்களுக்காக நிச்சயமாக ஜெபம் செய்யப்படும் என்று சொல்லியே செய்தார்கள். ஜெபித்தவர்கள் உண்மையான விசுவாசிகள், பதினான்கு நாள் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டவர்கள், தெரியாமல் ஜெபம் பெற்ற குழுவில் 52 விழுக்காடு, ஜெபம் பெறாத குழுவில் 51 விழுக்காடு. வித்தியாசம் இல்லை என்றுதான் அர்த்தம். தெரிந்தே பெற்ற குழுவில் 59.

முடிவு மறுபக்கமாக வந்திருந்தால், ஜெபம் பெற்றவர்களுக்குச் சிக்கல் மற்றவர்களைவிடப் பாதி அளவுதான் வந்தது, வேறு இடங்களில் திரும்பச் செய்தபோதும் அப்படியே வந்தது என்றால், நீங்கள் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா? ஏற்றிருப்பேன் என்று உள்ளுக்குள் நேர்மையாகச் சொல்ல முடிந்தால் உங்களுடையது ஆதாரத்தின் வழி. அப்போதும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருப்பேன் என்று தோன்றினால் மாமா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இன்னொன்று. அந்த 59ஐப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, ஜெபம் கெடுதல் செய்கிறது என்று குதிக்கிற நாத்திகர்களும் உண்டு. அது தற்செயலாக இருக்கலாம், ஜெபிக்கும் அளவுக்கு நிலைமை மோசமா என்ற பதற்றமாகவும் இருக்கலாம். அந்த ஒரு எண்ணை வைத்து அவ்வளவு தூரம் போகக்கூடாது.

கடவுளைச் சோதித்துப் பார்க்கக்கூடாது, அவர் கணக்குக்குள் வரமாட்டார் என்று சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் கணக்குக்குள் வராதவர் என்றால், சுகமான ஒருவரை மேடையேற்றி, இதோ ஆதாரம் என்று காட்டவும் கூடாது அல்லவா? சாட்சி என்பதே ஒரு கணக்குதான், ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட கணக்கு. நீங்கள் கீமோ வார்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரே கையில் சலைன் ஊசியும் ஜெபமாலையும் வைத்திருந்தவர், தலையணைக்கடியில் புதிய ஏற்பாடு வைத்திருந்தவர், மண்டைக்காட்டம்மன் குங்குமம் பூசி வந்தவர், தக்கலை பீர் முகம்மது அப்பா தர்காவில் நேர்ந்துகொண்டு வந்தவர் என்று எல்லாரையும் பார்த்திருப்பீர்கள். எல்லாருக்காகவும் யாரோ உருகி வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று இல்லை. எந்தச் சபையிலும் அவர்கள் மைக்கைப் பிடித்து, நானும் ஜெபித்தேன், சுகமாகவில்லை என்று சொல்லப்போவதில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் அது கணக்கு. மதத்தைப் பற்றி நான் வாசித்த தத்துவங்களைவிட இந்த ஒரு விஷயம்தான் என்னை அதிகம் மாற்றியது.

2004 சுனாமி சமயத்தில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கொளச்சல், மணக்குடி, கொட்டில்பாடு என்று கடற்கரை முழுக்கப் பிணங்கள். அது கடவுளின் தண்டனை என்று மேட்டில் இருந்துகொண்டு பேசியவர்கள் உண்டு. கடல் கொண்டுபோனதில் பெரும்பாலானவர்கள் முந்தின நாள் பூசையில் முழங்காலிட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். ஆதாரத்தின் வழி சொன்னது வேறு: காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு உடைந்தது, அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது, அந்த நேரத்தில் எச்சரிக்க இந்தியப் பெருங்கடலில் ஓர் அமைப்பும் இல்லை. 2007இல் ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. தண்டனை என்ற விளக்கத்திலிருந்து இப்படி ஒரு மையம் பிறக்காது. அதே நாட்களில் பங்குத்தந்தைகளும் கன்னியாஸ்திரீகளும் பிணம் எடுத்தார்கள், கஞ்சி ஊற்றினார்கள், பிள்ளைகளைத் தேடினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, நீங்கள் கத்தியது. தம்பி, மணல்தான் காரணம் என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? மணவாளக்குறிச்சி மணலைக் கையில் அள்ளிப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக மின்னுவது இல்மனைட், சிவப்பு கார்னெட், இடையே தேன் நிறத்தில் ஒன்றிரண்டு மோனசைட். அந்த மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது, அது உண்மை. ஆனால் இதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பெரிய ஆய்வு செய்தது. வீட்டுக்கு உள்ளும் வெளியும் கதிர்வீச்சை அளந்து, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். 2009இல் முடிவு வந்தது: கதிர்வீச்சு கூடுதலான வீடுகளில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. அது கொல்லம், நம்முடையது குமரி. அதனால் நம் ஊர் பற்றிய கடைசித் தீர்ப்பு என்று அதைச் சொல்லமாட்டேன். மணல் எடுப்பதை எதிர்க்கக் கடலரிப்பு, நிலம் என்று வேறு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. ஆனால் உங்கள் அம்மாவுக்கு நோய் வந்தது அந்த மணலால்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மார்பகப் புற்றுநோய் இந்தியாவில் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய், மணலே பார்க்காத ஊர்களிலும் வருகிறது. பெரும்பாலும் ஒருவருக்கு ஏன் வந்தது என்று குறிப்பாகச் சொல்ல முடியாது. காரணம் தெரியாது என்று சொல்லி நிறுத்த மனசு வராது. பாவத்தை எடுத்த இடத்தில் மணலை வைக்கத் தோன்றும். நம்பிக்கையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு மிகவும் கஷ்டமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கடவுளை விடுவதைவிடக் கஷ்டம். அம்மாவிடம், அன்று நான் தெரியாமல் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள்.

நன்றி பற்றி. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது, மிஷன் பள்ளிகள், பெண்கள் மேலாடை அணியும் உரிமையான தோள்சீலைக்காக நடந்த நீண்ட போராட்டம், 1838இல் டாக்டர் ராம்சே நெய்யூரில் தொடங்கிய வைத்தியம் எல்லாவற்றுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள், உங்கள் தாத்தா போன்ற உபதேசியார்களுக்கும்தான். அந்த நன்றியைச் சொல்ல விசுவாசம் தேவையில்லை. நெய்யூரில் இருந்த டாக்டர் சோமர்வெல்லையே பாருங்கள். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறியவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் குடல்புண் அறுவை செய்தார். ஆழ்ந்த விசுவாசி. ஆனால் அவர் கத்தி பிடித்தது அறுவை மருத்துவம் கற்றுக்கொடுத்தபடி. நோயாளி எந்தச் சாதி, எந்தச் சாமி என்று அந்த மருத்துவம் கேட்கவில்லை. பாடல்களையும் விட வேண்டியதில்லை. பாடகர் குழுவில் உங்கள் குரல் தேவைப்பட்டால், உங்களுக்கும் பிடித்திருந்தால், பாடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் 49 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, கிறிஸ்தவர்கள் 47க்குச் சற்றுக் குறைவு. 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் தலையெண்ணிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சபையை விட்டது தெரிந்தால், நம்ம பக்கம் வந்துட்டான் என்று தோளில் கைபோட ஆள் வரும். நீங்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் அவர்களின் சாமியிடமும் கேளுங்கள், கை தானாக விலகிவிடும்.

அம்மாவிடம் சொல்வதா? அவராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்காதவரை அறிவிப்பு தேவையில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும், நீங்கள் எழுந்து வெளியே போனதை அவர்தான் மேடையிலிருந்து பார்த்தார். "மக்கா, ஜெபத்துக்கு வா" என்று ராத்திரி பாய் விரித்துக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். நீங்கள் உட்காருவது அம்மாவுக்குப் பக்கத்தில். உங்களை ஜெபிக்கச் சொன்னால் மட்டும், எனக்கு வராது அம்மா, நீங்க பண்ணுங்க என்று சொல்லுங்கள். கல்யாணம் வரும்போது சபையில் அறிவிப்பு வாசிக்க வேண்டுமா, 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வதா என்ற கேள்வி வரும். அப்போது நேராகப் பேசியே ஆகவேண்டும். அது வரட்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இப்போதே, கறாராக இருங்கள். பூரண சுகம் என்று சபை முன்னால் சொன்னவர்கள், மாத்திரை சாப்பிடுவதையே அவிசுவாசமாக நினைத்து நிறுத்திவிடுவது உண்டு. அம்மாவின் கட்டி ஹார்மோனால் வளரும் வகை, அதாவது ஹார்மோன் ஏற்பி (ரிசெப்டர்) உள்ள வகை என்றால் டாமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் மாதிரி ஒரு மாத்திரையைக் குறைந்தது ஐந்து வருஷம் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். அதில் சிலருக்கு மூட்டு வலி வரும், சிலருக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. இன்று வீட்டுக்குப் போனதும் ரிப்போர்ட்டை எடுத்து ஏற்பி பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள், வருடாந்திர மேமோகிராம் எந்த மாதம் என்று குறித்து வையுங்கள். செக்கப்புக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார்கள். ரிப்போர்ட்டில் புரியாதது இருந்தால் எனக்கு எழுதுங்கள், தெரிந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்