பழைய மேண்டலினுக்குப் பெட்டி வாங்கும்போது எதை அளக்க வேண்டும்?

கேள்வி: என்னிடம் 1920களில் செய்த கிப்சன் ஏ ரக மேண்டலின் இருக்கிறது. ‘எல்லா மேண்டலினுக்கும் பொருந்தும்’ என்று சொல்லி விற்ற பெட்டியில் வைத்தால் உள்ளே நகர்கிறது, தலைப்பகுதி அடியில் இடிக்கிறது. துணி திணித்தால் சரியாகுமா?

பதில்: நகர்வதைச் சரிசெய்துவிடலாம். தலை இடிப்பதுதான் ஆபத்து. பெட்டி கைதவறி விழுந்தால் அதிர்ச்சி நேராகத் தலையில் இறங்கி, நட்டுக்குப் (கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு) பின்னால் கழுத்து ஒடியும். மரம் மெலிந்த இடம் அது. டிரஸ் ராடு (கழுத்து வளையாமலிருக்க உள்ளே வைக்கும் உலோகக் கம்பி) உள்ளவற்றில் அங்கேயே குடைந்தும் இருப்பார்கள்.

இன்றைய பெட்டிகள் பலவும் நீண்ட கழுத்து மாடலுக்காகச் செய்தவை. உங்களுடையதில் கழுத்து குட்டை. அதனால் நீளவாக்கில் இடம் மிஞ்சுகிறது, கழுத்துத் தாங்கியும் தப்பான இடத்தில் வருகிறது. மொத்த நீளம், அடிப்பாகத்தின் அதிகபட்ச அகலம், முதுகிலிருந்து பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) உச்சிவரை உயரம், டியூனிங் கீ உட்படத் தலையின் அகலம், இவற்றோடு வால்முனையிலிருந்து கழுத்து சேரும் இடம்வரை உள்ள நீளத்தையும் எடுங்கள். இந்தக் கடைசி அளவைத்தான் யாரும் எடுப்பதில்லை. தயாரிப்பாளர்கள் பலரோ பெட்டியின் வெளி அளவை மட்டும் போடுகிறார்கள். உள்ளளவு என்ன ராணுவ ரகசியமா?

வாத்தியத்தைச் சுற்றி 3 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும். கூடுதலாக இருந்தால் பாலிஎதிலீன் ஃபோம் துண்டைத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, வால்முனையிலும் பக்கங்களிலும் வையுங்கள். ரப்பர், வினைல் வேண்டவே வேண்டாம். பழைய வார்னிஷ் இளகி ஒட்டிக்கொள்ளும். தாங்கியில் மெல்லிய அடுக்குகளாகச் சேர்த்து, தலைக்கு அடியில் 1 செ.மீ. இடைவெளி வரும்வரை உயர்த்துங்கள். அதற்குள் வாத்தியத்தின் முதுகு பெட்டியின் அடித்தளத்தை விட்டு எழும்பினால் அந்தப் பெட்டி உதவாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூட்டாமலே மூடி தன் எடையில் முழுதாக அமர வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றிய களிமண் உருண்டையை பிரிட்ஜ் மேல் வைத்து மூடித் திறந்து பாருங்கள். 5 மி.மீ.க்கும் கீழே நசுங்கியிருந்தால் மூடி பிரிட்ஜுக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். ஒட்டாத பிரிட்ஜ் அது. தட்டுப்பட்டால் நகர்ந்து சுருதி கெடும்.

‘அந்தக் காலத்து அசல் பெட்டி’ என்று வருகிற தரகர்களிடம் ஜாக்கிரதை. பசை உதிர்ந்து, கைப்பிடி இற்று, உள்துணியில் பூஞ்சை பிடித்ததைத்தான் புதுப் பெட்டியைவிட அதிக விலைக்குத் தள்ளுவார்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு: உங்கள் மேண்டலினோடு கூடவே வந்த பெட்டி. அது எவ்வளவு நைந்திருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள். வாத்தியத்தை விற்கும்போது அதற்கும் மதிப்புண்டு. ஆனால் பூஞ்சை வாடை இருந்தால் வாத்தியத்தை அதில் வைக்காதீர்கள், வெறும் பெட்டியாகத் தனியே வையுங்கள். வாடை இல்லையென்றால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்கு மட்டும் வேண்டாம். அட்டையில் செய்ததாக இருந்தால் அதன்மேல் எதையும் அடுக்காதீர்கள்.

அடுத்த பெட்டிக்குப் பணம் கட்டுமுன், இந்த ஐந்து அளவுகளையும் அனுப்பி, உள்ளளவையும் தாங்கி இருக்கும் இடத்தையும் எழுத்தில் கேளுங்கள். ‘ஸ்டாண்டர்டு சைஸ் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு கடையைப் பாருங்கள்.