பிட்டை ஒட்டியது யார்?

கேள்வி: எஸ்டேட் மேனேஜர், ஆபீஸ் டைப்பிஸ்ட் கதையாக வந்த பழைய மலையாள 'ஏ' படங்களின் நடிகைகள், "அந்தக் காட்சியில் இருப்பது நான் இல்லை" என்று இப்போது பேட்டி கொடுக்கிறார்கள். சம்பளம் வாங்கும்போது தெரியாதா?
– பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை.

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுத உங்களுக்கு முடிகிறது. போஸ்டரில் முகம் போட்டவருக்கு முடியவில்லை.

படத்தின் நடுவே தியேட்டரில் ஒட்டிய ஆபாசக் காட்சியை, கேரளாவில் உங்கள் பக்கம் 'துண்டு' என்பார்கள். எல்லையில் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் 'பிட்டு'. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. சென்சார் பார்த்த பிரிண்டில், ஃபைலோடு உள்ளே போனவர் மேனேஜர் அறைக் கதவைச் சாத்துவதோடு காட்சி முடிந்துவிடும். மிச்சம் தனி டப்பாவில் வரும். 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டு நிமிடப் பிட்டு என்றால் 180 அடி. ஆபரேட்டர் ரீலை வெட்டி, ஓரத்தில் ஃபிலிமின் மேல் பூசிய மருந்தைச் சுரண்டி, சிமென்ட் என்ற பசையைத் தடவி ஒட்டுவார். பாலியெஸ்டர் ஃபிலிமில் சிமென்ட் பிடிக்காது, டேப்தான். சோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் கழற்றிவிடுவார். ஒவ்வொரு முறை ஒட்டிக் கழற்றும்போதும் ஒன்றிரண்டு பிரேம் போகும். அதனால்தான் மூன்றாவது வாரத்தில் அந்த இடத்தில் வசனம் பாதியில் குதிக்கும்.

ஒட்டு என்பதற்கு அரங்கிலேயே சாட்சி உண்டு, காதைத் தீட்டியிருந்தால். ஃபிலிமில் ஒலி, அதற்குரிய படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். எனவே ஒட்டிய இடம் ஒலி படிக்கும் இடத்துக்கு வந்து சேரும்வரை, திரையில் கட்டில் வந்த பிறகும் முக்கால் நொடிக்கு மேல் ஆபீஸ் சத்தமே கேட்கும். பிட்டு முடிந்து ஆபீஸ் திரும்பும்போது அதே அளவுக்குப் பிட்டின் சத்தம் மிஞ்சும். அடுத்தது உருவம். ஸ்கோப் என்ற அகலத்திரைப் படத்துக்கான லென்ஸ் படத்தைப் பக்கவாட்டில் இரண்டு மடங்கு விரிக்கும். சாதாரண பிரேமில் எடுத்த பிட்டை அதில் ஓட்டினால் எல்லோரும் குட்டையாக, குண்டாகத் தெரிவார்கள். விசில் சத்தத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்! ஆபீஸ் சுவர் பச்சை, பிட்டுச் சுவர் ரோஸ். உள்ளே போனவர் கையில் கண்ணாடி வளையல், கட்டிலில் இருப்பவர் கையில் ஒன்றுமில்லை, முகமும் இல்லை.

எல்லா மறுப்பும் சத்தியம் என்று நான் சொல்லவில்லை. படப்பிடிப்பிலேயே டூப் வைத்து எடுத்ததும் உண்டு: நடிகையின் முகத்தை ஒரு நாள், டூப்பின் உடம்பை இன்னொரு நாள். இரண்டையும் சேர்ப்பது எடிட்டிங் மேசை. அங்கே நடிகைக்கு நாற்காலி போடுவதில்லை.

ஆபீஸும் எஸ்டேட்டும் ஏன் என்றால் செலவுக் கணக்கு. ஒரே பங்களா, ஒரு மேசை, ஒரு டெலிபோன், நாலு நடிகர். முதலாளி கூப்பிட்டால் வேலைக்காரி தனியாகப் போய்த்தான் ஆக வேண்டும். திரைக்கதைக்கு வேறு காரணம் தேட வேண்டாம். (அந்தக் காரணம் யாருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.)

அரங்குகள் டிஜிட்டலுக்கு மாறி, படம் பூட்டிய கோப்பாக வரத் தொடங்கியதும் கத்தரிக்கு வேலை போனது, பிட்டும் போனது. பிட்டு நடிகைகள் கொண்டுவந்த பொருளாக இருந்தால் அது ஏன் புரொஜெக்டரோடு போக வேண்டும்?

தணிக்கையான படத்தை அனுமதியின்றி மாற்றுவது 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 7ஆம் பிரிவில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. 'சம்பளம் வாங்கும்போது தெரியாதா' என்ற உங்கள் கேள்வியை, டிக்கெட் கிழித்துக் கல்லாவில் உட்கார்ந்தவரிடம் கேளுங்கள்.