தனியார் என்றால் யார்?

கேள்வி: திருவல்லிக்கேணி இந்து மேல்நிலைப் பள்ளியில் தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறை படித்தோம். நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் படித்த பள்ளி. என் மருமகளோ, 'தனியார் பள்ளியில் போட்டால்தான் பிள்ளை உருப்படும்' என்று வேறு இடத்தில் விண்ணப்பம் வாங்கிவிட்டாள். பழைய பள்ளிகளின் பெயர் ஏன் இப்படி மங்கிப்போனது?
- வாசகர், சென்னை-5

பதில்: மாமனார் மருமகள் வழக்கில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அவர் சொன்ன 'தனியார்' என்ற சொல்லை விட மனசில்லை.

உங்கள் பள்ளியும் தனியார் பள்ளிதானே, அரசு நடத்தும் பள்ளி இல்லையே! பச்சையப்பன் பள்ளியும் அப்படி வந்ததுதான். பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். தருமத்துக்கென்று அவர் விட்டுப்போன சொத்து பல வருடம் வழக்கில் கிடந்தது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு ஒரு பங்கைக் கல்விக்குத் திருப்பியது. 1842இல் பள்ளி திறந்தது. நெடுங்காலம் இந்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்தார்கள், அந்தக் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரு தனி மனிதரின் பணம் ஊர்ப்பிள்ளைகளின் படிப்புக்குப் போயிற்று.

தமிழில் வீட்டார் உண்டு, ஊரார் உண்டு, அயலார் உண்டு. இந்தத் 'தனியார்' யார்? முகம் தெரியாத ஆள். வாசலில் போய்க் கேட்டால், "கரஸ்பாண்டென்ட் சாரைப் பார்க்க முடியாது" என்று வாட்ச்மேன் சொல்வாரே, அவர்தான். ஊராராக இருந்தவர் தனியாராக ஆனபோதுதான் பள்ளிக்கூடத்துக்குக் கேட் பெரிதாயிற்று.

உங்கள் பள்ளி இந்து உயர்நிலைப் பள்ளியாக இருந்த காலத்தில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி அங்கே தலைமையாசிரியராக இருந்தார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை, அதாவது நம் டியூசிஎஸ் கடையை, உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஊருக்கு அரிசி பருப்பு நியாய விலையில் கிடைக்கிறதா என்று கவலைப்பட்டிருக்கிறார்! அந்தப் பள்ளிக்குப் பெயர் வந்தது இப்படிப்பட்டவர்களால். சந்திரசேகர் 1922இல்தான் அங்கே சேர்ந்தார், அதுவும் மூன்று வருடத்துக்கு. அதற்குள் பள்ளி பெயரெடுத்து முடித்திருந்தது.

இப்போது பெயர் எப்படி வருகிறது? போன வருடம் நண்பர் மகளுக்குத் துணையாக ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். எல்கேஜி சேர்க்கை. மூன்றரை வயதுக் குழந்தை. மேஜையில் ஒரு பிளாஸ்டிக் கத்திரிக்காய். "வாட் கலர்?" என்று கேட்டார் டீச்சர். குழந்தை உற்றுப் பார்த்தது, தொட்டுப் பார்த்தது, அப்புறம் "சாம்பார்" என்றது. டீச்சர் தாளில் ஒரு கோடு கிழித்தார். குழந்தையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. கத்திரிக்காய் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்த பிள்ளைக்கு வேறென்ன தேர்வு?

ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது இப்படிக் கேட்டால் அது சட்டப்படி தப்பு. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13வது பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிக்கக் கூடாது என்கிறது. நன்கொடை வாங்குவதும் குற்றம். அப்படியும் நடக்கிறது. பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017இல் நிறுத்தியது. தெருமுனை ஃபிளெக்ஸில் மார்க்கோடு பிள்ளைகளின் முகம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. பொறுக்கியெடுத்துச் சேர்த்த பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் அதில் பள்ளியின் சாமர்த்தியம் என்ன? வந்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்த பள்ளிக்கு ஃபிளெக்ஸ் வைக்கக் காசில்லை. நீங்கள் கேட்ட மங்கல் இதுதான்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். மருமகளையும் கூட்டிக்கொண்டு, மணி அடிக்கிற நேரத்தில் பெரிய தெருவில் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அவர் விண்ணப்பம் வாங்கிய பள்ளி வாசலிலும் அதேபோல் நில்லுங்கள். எங்கே பிள்ளைகள் ஓடி உள்ளே போகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.