அடுக்கு எங்கே, பூஜ்யம் எங்கே: நெல்லை இயற்பியல் மாணவர்களுக்குக் கேள்வி பதில்

நெட், கேட் தேர்வுகளுக்குப் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

பாளையங்கோட்டை மாணவி: சார், இன்ஃபினிட் வெல்லில் (துகள் வெளியேறவே முடியாத இரண்டு சுவர்களுக்கு நடுவில் உள்ள பெட்டி) துகள் அடிநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், இருக்கிறது. ஒரு சுவரைத் திடீரென நகர்த்தி அகலத்தை இரட்டிப்பாக்கினால், புது அடிநிலையில் அது இருக்கும் நிகழ்தகவு என்ன? இன்டகிரேஷனைப் பழைய அகலம் வரை போடுவதா, புது அகலம் வரையா?

பழைய அகலம் வரைதான். சுவர் நகர்ந்த கணத்தில் அலைச்சார்பு மாற நேரமே இல்லை. வலது பாதியில் அது பூஜ்யம். 32-ஐ 9 பை வர்க்கத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.36, அதுதான் விடை. சைன் சார்பை அப்படியே புது அகலம் வரை இழுத்துவிட்டால் விடை பூஜ்யமாகிவிடும். அப்படி வந்தால் சந்தேகப்படுங்கள்.

இதைவிட ருசியான கேள்வி, புதுப் பெட்டியின் இரண்டாம் நிலைக்கான நிகழ்தகவு. அது சரியாக 1/2. அந்த நிலையின் இடது பாதி பழைய அடிநிலையின் வடிவமேதான், ஆற்றலும் அதேதான். இதைப் படம் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்புறம் ஒன்று: சுவரை மிக மெதுவாக நகர்த்தினால் கதையே வேறு. துகள் அடிநிலையிலேயே இருக்கும், ஆற்றல் கால்பங்காகக் குறையும். வினாத்தாளில் 'திடீரென', 'மெதுவாக' என்று வந்தால் முதலில் அதன்கீழ் கோடு போடுங்கள்.

தென்காசி மாணவர்: தரையிணைப்புள்ள உலோகத் தட்டுக்கு முன்னால் ஒரு மின்னூட்டம். அதை முடிவிலிக்குக் கொண்டுபோக ஆகும் வேலையை, பிம்ப மின்னூட்டத்தை (தட்டுக்குப் பதிலாக மறுபக்கத்தில் கண்ணாடிப் பிம்பம்போல வைக்கும் எதிர்க்குறி மின்னூட்டம்) வைத்து இரண்டு மின்னூட்டக் கணக்காகப் போட்டேன். விடை இரண்டு மடங்காக வருகிறது.

வரத்தான் செய்யும். பிம்பம் நாம் வைத்த கற்பனை. நிஜமான புலம் தட்டுக்கு இந்தப் பக்கம் மட்டுமே இருக்கிறது, ஆகவே ஆற்றலும் பாதிதான். விசையைத் தொகையிட்டும் சரிபார்க்கலாம்: மின்னூட்டம் நகர நகரப் பிம்பமும் நகர்கிறது, அதற்கு யாரும் வேலை செய்வதில்லை.

வள்ளியூர் ஆய்வு மாணவர்: அண்ணாச்சி, ஆல்பா சிதைவுக் கணக்கில் ஆற்றலைக் கொஞ்சம் மாற்றினாலே அரை ஆயுள் எங்கேயோ போய் நிற்கிறது. நான் எங்கே தப்பு விடுகிறேன்?

தப்பே இல்லை தம்பி. உங்கள் ஊரிலிருந்து மணவாளக்குறிச்சி ஒன்றும் தூரமில்லை. அங்கே கடற்கரை மணலில் மோனசைட் கிடக்கிறது, அதற்குள் தோரியம். தோரியம் 232 வெளிவிடும் ஆல்பாவின் ஆற்றல் சுமார் 4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. அதே தொடரின் கடைசிப் பகுதியில் வரும் பொலோனியம் 212-க்கு 8.8, அரை ஆயுள் ஒரு மைக்ரோ நொடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆற்றல் இரண்டு மடங்குதான் கூடியது. ஆயுள் 1-க்குப் பின் 24 பூஜ்யம் போட்ட அளவுக்குக் குறைந்தது! 1928-இல் காமோவும், தனியாக கர்னியும் காண்டனும் சொன்ன சுரங்க விளைவு இதுதான்: தாண்ட ஆற்றல் போதாத தடையையும் துகள் ஊடுருவி வெளியே வருவது. ஊடுருவல் நிகழ்தகவு அடுக்குக்குறிச் சார்பு. அந்த அடுக்கில் 55 அளவுக்கு மாறினாலே 24 பூஜ்யம் வந்துவிடும். ஆகவே முன்னால் நிற்கும் காரணிகளில் மல்லுக்கட்டாமல், அடுக்கை மட்டும் கவனமாகப் போடுங்கள்.

திருநெல்வேலி டவுன் மாணவர்: சார், கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இருக்கிறதே. அதையும் நம் மின்னியக்கவியல் பேப்பரையும் சேர்த்து ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

ரொம்ப நாளாக இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். கிருஷ்ணாபுரம் என்றால் எல்லோருக்கும் கோவில் சிற்பம்தான் ஞாபகம் வரும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஆய்வகம் வைத்ததற்குக் காரணம், காந்த நடுக்கோடு நம் ஊர்ப் பக்கமாகப் போவது. இங்கே புவிகாந்தப் புலம் ஏறக்குறைய தரைக்கு இணையாக வடக்கு நோக்கி இருக்கிறது, அளவு சுமார் 0.4 காஸ்.

தலைக்கு மேல் 105 கிலோமீட்டர் உயரத்துக்குப் போங்கள். பகலில் அங்கே கிழக்கு நோக்கிச் சிறிய மின்புலம் உண்டு. அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு மோதி மோதி நின்றுவிடும். எலக்ட்ரான்கள் மட்டும் மின்புலமும் காந்தப்புலமும் குறுக்குப் பெருக்கலாகும் திசையில் நகரும். கிழக்கு குறுக்கு வடக்கு, மேல்நோக்கி. ஆனால் மின்சாரம் கடத்தும் அந்தக் காற்றுப் படலம் மெல்லியது, மேலே தொடர்ந்து ஓட வழியில்லை. எதிர்மின்னூட்டம் மேலேயும் நேர்மின்னூட்டம் கீழேயும் தேங்கி, மேல்நோக்கி ஒரு மின்புலம் உண்டாகிறது. அது முதலில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரியது. இந்தப் புலம் எலக்ட்ரான்களை மேற்கே தள்ளுகிறது, அதாவது மின்னோட்டம் கிழக்கே. இதற்குத்தான் எலக்ட்ரோஜெட் என்று பெயர்.

இப்போது கணக்கு. மின்கடத்துதிறனை இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸாக எழுதுங்கள்: மூலைவிட்டத்தில் பெடர்சன் (மின்புலத்தின் திசையிலேயே கடத்துவது), மற்ற இரண்டு இடங்களில் எதிரெதிர் குறியோடு ஹால் (மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் செங்குத்தாகக் கடத்துவது). செங்குத்து மின்னோட்டம் பூஜ்யம் என்று நிபந்தனை வையுங்கள். கிழக்குத் திசைக்கான பயன்கடத்துதிறன், பெடர்சனோடு ஹாலின் வர்க்கத்தைப் பெடர்சனால் வகுத்ததைக் கூட்டியதாக வரும். இரண்டே வரி. அதன் பெயர் கௌலிங் கடத்துதிறன். மேலே கிழக்கு நோக்கி ஓடும் இந்த மின்னோட்டத்தால் தரையில் வடக்குப் புலம் பகலில் கூடுமா குறையுமா? வலது கையை வைத்து நீங்களே பாருங்கள். கூடும் என்று வர வேண்டும்.

அம்பாசமுத்திரம் மாணவி: ஹைட்ரஜன் அடிநிலையில் ஸ்டார்க் விளைவு (மின்புலத்தால் ஆற்றல் மட்டம் நகர்வது) முதல்படியில் பூஜ்யம் வருகிறது. சரிதானா?

சரி. அடிநிலைக்குத் திட்டமான பேரிட்டி (ஆயங்களின் குறியைத் திருப்பினால் அலைச்சார்பின் குறி மாறுமா மாறாதா என்பது) உண்டு, இன்டகிரேஷனே தேவையில்லை. இரண்டாம் மட்டத்தில் மட்டும் உஷார்: 2எஸ், 2பி இரண்டும் ஒரே ஆற்றலில் இருப்பதால் டீஜெனரேட் பெர்டர்பேஷன் (சம ஆற்றல் நிலைகளுக்கான தோராய முறை) வேண்டும். நான்கு நிலைகளில் இரண்டுதான் கலக்கும், மற்ற இரண்டும் அசையாது.

நாங்குநேரி மாணவர்: தாமிரத்துக்கு 50 ஹெர்ட்ஸில் ஸ்கின் டெப்த் (மாறுமின்னோட்டம் உலோகத்துக்குள் இறங்கும் ஆழம்) 9 மில்லிமீட்டருக்கு மேல் வந்தது. நம்பலாமா?

நம்பலாம். ஒரு கிகாஹெர்ட்ஸில் 2 மைக்ரோமீட்டராகச் சுருங்கும், அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம்.

சங்கரன்கோவில் மாணவி: லியனார்ட் வீச்சர்ட் (நகரும் மின்னூட்டத்தின் புலத்தைத் தரும் சூத்திரம்) வருவித்தல் முழுவதையும் மனப்பாடம் செய்யணுமா சார்?

வேண்டாம் அம்மா. முடுக்கப்படும் மின்னூட்டம் கதிர்வீசும் திறனைச் சொல்லும் லார்மர் சூத்திரம் கையில் இருந்தால் பாதிக் கேள்வி முடிந்தது. வேகம் ஒளிக்கு அருகே போகும்போது, முடுக்கம் ஒன்றேயானால், அந்தத் திறன் நேர்கோட்டில் காமாவின் (சார்பியலின் லோரென்ட்ஸ் காரணி) ஆறாம் அடுக்கு, வட்டத்தில் நான்காம் அடுக்கு. இந்த இரண்டையும் மட்டும் ஒருமுறை நீங்களே வருவித்துப் பாருங்கள்.