காப்பு மந்திரம் எதைத் தடுக்கும், எதை விட்டுவிடும்? கேள்வி பதில்

நீலகிரியில் கதாபாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசைகளிலிருந்து இந்த மழைக்காலத்தில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், செத்தும் அடங்காத 'அன்டெட்' வகையறாவைப் பற்றியவை. பதில்கள் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி. 'புரொடெக்ஷன்' என்று மட்டும் சொன்னால் அது முதல் நிலை மந்திரமான புரொடெக்ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட்.

குன்னூரிலிருந்து: அக்கா, மூடிக் கிடக்கும் தேயிலை ஃபேக்டரிதான் எங்கள் கதைக்களம். இலை வாட்டும் மாடியில் கோஸ்ட் (பேய்) ஒன்று எங்கள் ஃபைட்டருக்குள் (சண்டை வீரர்) புகுந்துவிட்டது. கிளெரிக் (பூசாரி வகைக் கதாபாத்திரம்) உடனே புரொடெக்ஷன் போட்டார். ஒன்றும் நடக்காது என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொல்லிவிட்டார். சரியா?

சரிதான். ஆனால் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை உதவும். புரொடெக்ஷன் இருப்பவரை அன்டெட் மயக்கவோ, அச்சுறுத்தவோ, உள்ளே புகவோ முடியாது. ஏற்கெனவே புகுந்திருந்தால், அதை எதிர்த்து அவர் உருட்டும் *புதிய* சேவிங் த்ரோவுக்கு (விளைவைத் தவிர்க்க உருட்டும் பகடை, சுருக்கமாக 'சேவ்') அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி அதிகமானதை எடுப்பது) உண்டு. சிக்கல் இந்தப் 'புதிய' என்ற சொல்லில் இருக்கிறது. கோஸ்டின் பொசெஷனுக்கு (உள்ளே புகுவதற்கு) ஒரே ஒரு சேவ்தான்: கரிஸ்மா என்ற பண்பில், டிசி (எட்ட வேண்டிய எண்) 13. அதில் தோற்றால் மறுபடி உருட்டும் வாய்ப்பே கிடையாது. உருட்டாத பகடைக்கு அட்வான்டேஜ் கிடைத்து என்ன பயன்? போதாக்குறைக்கு, இந்த மந்திரத்தை இசைவுள்ளவர்மீதுதான் போடலாம். உடலை ஆட்டிவைப்பது பேயாக இருக்கும்போது இசைவு யாருடையது என்று டிஎம் கேட்டால் அதுவும் நியாயமே.

புகுந்த பிறகு வழி மூன்று. முதலில் டர்ன் அன்டெட், அதாவது கிளெரிக் அன்டெட்டை விரட்டும் திறன். உள்ளே இருக்கும் கோஸ்டை எந்தத் தாக்குதலும் மந்திரமும் குறிவைக்க முடியாது, டர்ன் செய்வதற்கு மட்டும் விலக்கு. கோஸ்டின் விஸ்டம் +1 மட்டுமே, அதனால் பெரும்பாலும் பலிக்கும். இரண்டாவது டிஸ்பெல் ஈவில் அண்ட் குட் மந்திரம், அதற்கு ஐந்தாம் நிலை ஸ்லாட் (மந்திரம் போடச் செலவழிக்கும் வாய்ப்பு) வேண்டும். மூன்றாவது, நண்பரின் உடலையே 0 எச்பிக்கு (உயிர்ப்புள்ளி) கொண்டுவருவது.

அதே மேசையிலிருந்து: மூன்றாவது வழியில் ஃபைட்டர் செத்துப்போவாரே?

கடைசி அடியைக் கைகலப்பு ஆயுதத்தால் அடியுங்கள். 0 எச்பிக்கு இறக்கும் அந்த அடி விழும்போதே 'மயக்கமடையச் செய்கிறேன்' என்று சொன்னால் போதும். அவர் நினைவிழந்து, ஆனால் ஸ்டேபிளாக (உயிர் பிரியும் நிலையில் இல்லாமல்) விழுவார். சாகாமலிருக்க உருட்டும் டெத் சேவ் தேவையில்லை. அம்பாலோ நெருப்பு மந்திரத்தாலோ முடித்தால் இந்தச் சலுகை கிடையாது. கோஸ்ட் வெளியே வந்து 5 அடிக்குள் நிற்கும். அடுத்த 24 மணி நேரம் அதே ஆளுக்குள் அது மறுபடி புக முடியாது. இன்னொரு ஆறுதல்: புகுந்த பேய்க்கு ஃபைட்டரின் கிளாஸ் திறன்களோ பயிற்சிகளோ கிடைக்காது. டிஎம் ஃபைட்டரின் ஆக்ஷன் சர்ஜ் திறனை எடுத்தால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: கோஸ்ட் முகத்தைக் காட்டியது. புரொடெக்ஷன் இருந்ததால் எங்கள் வார்லாக் பயப்படவில்லை. ஆனாலும் 30 வயது கூடிவிட்டது. இது அநியாயம் இல்லையா?

விதிப்படி நடந்ததுதான். விஸ்டம் சேவில் டிசி 13-ஐவிட 5 அல்லது அதற்கு மேல் குறைந்தால், அதாவது மொத்தம் 8-க்கு மேல் வராவிட்டால், அச்சத்தோடு 1டி4-ஐ (நான்கு பக்கப் பகடை ஒன்று) பத்தால் பெருக்கிய வயதும் ஏறும். காப்பு தடுப்பது அச்சத்தை மட்டும். வயது தனி விளைவு, அதற்கான சேவிங் த்ரோவை எப்படியும் உருட்டியாக வேண்டும். மம்மியின் பார்வையும் இதே அமைப்புதான்: 5 குறைந்தால் வரும் பக்கவாதத்தைப் புரொடெக்ஷன் தடுக்காது.

இதற்கு நல்ல தடுப்பு சேவிங் த்ரோவையே உயர்த்துவது. ஆறாம் நிலை பாலடின் (புனித வீரர்) 10 அடிக்குள் நின்றால் அவருடைய கரிஸ்மா மாடிஃபையர் உங்கள் சேவோடு கூடும். பிளெஸ் மந்திரம் 1டி4 கூட்டும், ஆனால் பிளெஸும் புரொடெக்ஷனும் இரண்டுமே கான்சென்ட்ரேஷன் (இடைவிடாத கவனம்) கேட்பவை, ஒரே கிளெரிக் இரண்டையும் பிடிக்க முடியாது. கண்ணை மூடிக்கொள்வதும் உண்மையான தடுப்புதான், பார்ப்பவருக்கு மட்டுமே அந்த முகம் வேலை செய்யும். ஏறிய வயதை கிரேட்டர் ரெஸ்டொரேஷன் இறக்கும், 24 மணி நேரத்துக்குள். அதற்கு மேல் தாமதித்தால் அவ்வளவுதான்.

ஊட்டியிலிருந்து: நான்கு ஷேடோக்கள் (நிழல் வடிவ அன்டெட்) விஸார்டைச் சூழ்ந்தன. அவருக்கு எச்பி பாதி இருந்தபோதே செத்துவிட்டார்.

ஷேடோவை எச்பி கணக்கில் அளப்பதுதான் பலரும் செய்யும் தவறு. படும் ஒவ்வொரு அடியும் ஸ்ட்ரெங்த்தில் (உடல் வலு) 1டி4 குறைக்கும், சேவ் இல்லை, அது 0 ஆனால் மரணம். ஸ்ட்ரெங்த் 8 உள்ள விஸார்டுக்கு மூன்று நான்கு அடி போதும், கெட்ட நேரமென்றால் இரண்டே அடி. இங்கே புரொடெக்ஷன் உண்மையிலேயே உயிர்காக்கும், ஏனென்றால் அது அட்டாக் ரோலுக்கே டிசட்வான்டேஜ் தருகிறது. ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 12 உள்ளவரை +4 கொண்ட ஷேடோ அடிக்கும் வாய்ப்பு 65 சதவீதம். இரண்டு பகடையில் குறைந்ததை எடுத்தால் 42 சதவீதம். ஏசி 16-க்கு எதிராக 45-லிருந்து 20-க்கு இறங்கும். ஏசி நல்லவருக்குத்தான் இந்தக் காப்பு அதிகப் பலன் தரும் என்பதையும் கவனியுங்கள்.

ஐந்தாம் நிலை கிளெரிக் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டர்ன் அன்டெட் போடுங்கள். சேவில் தோற்கும் ஷேடோ ஓடாது, அங்கேயே அழியும். குறைந்த ஸ்ட்ரெங்த் ஒரு ஷார்ட் ரெஸ்டில் திரும்பிவிடும்.

வெலிங்டனிலிருந்து: 3.5 பதிப்புக் காலத்தில் டெத் வார்டு என்ற காப்பு மந்திரம் போட்டால் எனர்ஜி டிரெய்ன் (உயிராற்றலை உறிஞ்சுவது) ஒட்டவே ஒட்டாது. இப்போது வைட் என்ற அன்டெட் அடித்து மேக்ஸ் எச்பி குறைகிறதே?

பெயர் அதே, மந்திரம் வேறு. இப்போதைய டெத் வார்டு இரண்டே காரியம் செய்யும். சேதத்தால் 0 எச்பிக்கு இறங்கும்போது 1-இல் நிறுத்தும். சேதமில்லாமல் அந்த நொடியே கொல்லும் விளைவு வந்தால் அதை ரத்து செய்யும். எது முதலில் நடக்கிறதோ அத்தோடு முடிந்தது. வைட்டின் லைஃப் டிரெய்னை எதிர்க்க கான்ஸ்டிட்யூஷன் சேவ் டிசி 13, ரெய்த் என்ற அன்டெட்டுக்கு 14. தோற்றால் பட்ட சேதத்தின் அளவு மேக்ஸ் எச்பி குறையும். 'பட்ட சேதம்' என்பதால் நெக்ராடிக் ரெசிஸ்டன்ஸ் (இந்த வகைச் சேதத்தைப் பாதியாக்கும் எதிர்ப்பு) இருந்தால் குறைவும் பாதியாகும். ஒரு லாங் ரெஸ்டில் சரியாகிவிடும், கிரேட்டர் ரெஸ்டொரேஷனுக்கான வைரத்தூளை வீணாக்காதீர்கள்.

பான்ஷி என்ற அன்டெட்டின் ஓலம் இன்னும் சிக்கல். தோற்றவரை நேராக 0-க்குத் தள்ளும், ஆனால் அது சேதமும் இல்லை, கொலையும் இல்லை. எழுத்தின்படி டெத் வார்டின் இரண்டு பிரிவுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. நான் டிஎம்-ஆக உட்கார்ந்தால் காப்பாற்றவே விடுவேன், நான்காம் நிலை ஸ்லாட்டை முன்யோசனையோடு செலவழித்தவருக்கு அது சேர வேண்டியது. ஆனால் அது என் தீர்ப்பு, விதி அல்ல. ஆட்டம் தொடங்கும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூரிலிருந்து: கூல் (ghoul, பிணம் தின்னும் அன்டெட்) நகத்தால் வரும் பக்கவாதத்தை ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் மந்திரம் தடுக்குமா?

தடுக்காது. அந்த மந்திரம் தடுப்பது *மந்திரத்தால்* வரும் பக்கவாதத்தை. கூலின் நகம் மந்திரம் என்று எங்கும் எழுதவில்லை. எல்ஃபுக்குக் கூலிடமிருந்து விலக்கு உண்டு, அதன் இனமான காஸ்ட்டிடம் (ghast) அந்த விலக்கு இல்லை. இங்கே பலர் ஏமாறுகிறார்கள்.

கேத்தியிலிருந்து: மலை ரயில் சுரங்கத்துக்குள் வைட்டுகள் தாக்குகின்றன. ஓடும் பெட்டிக்குள் மேஜிக் சர்க்கிள் (காப்பு வட்ட மந்திரம்) போடலாமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. போட 1 நிமிடம் ஆகும், அதனால் வைட் வந்தபின் தொடங்கினால் பத்துச் சுற்று போய்விடும். பதினாறு சுரங்கங்களில் எதில் ஆபத்து என்று தெரிந்தால் அதற்கு முன்பே தொடங்குங்கள். 100 தங்கம் பெறுமான புனித நீரோ, வெள்ளி-இரும்புத் தூளோ செலவாகும். 1 மணி நேரம் நிற்கும், கான்சென்ட்ரேஷன் வேண்டாம்.

'தரையில் ஒரு புள்ளி' என்கிறது விதி. பெட்டியின் தரையையே தரையாகக் கொள்வேன், இல்லையென்றால் வட்டம் தண்டவாளத்தில் தங்கிவிட ரயில் அதை விட்டுப் போய்விடும். ஆரம் 10 அடி என்பதால் வட்டம் பெட்டிக்கு இருபுறமும் வெளியே நீட்டும். உயரம் 20 அடி, கூரையும் அடங்கும். கவனிக்க வேண்டியது: அன்டெட் *தானாக* நுழைய முடியாது, அவ்வளவே. பாதையோரம் நிற்கும் வைட்மீது வட்டமே நகர்ந்து வந்தால் அது உள்ளேதான் இருக்கும், எதுவும் அதை வெளியே தள்ளாது. வெளியிலிருந்து வில்லால் எய்யவும் செய்யும், டிசட்வான்டேஜோடு. சுவரை ஊடுருவும் ரெய்த்தும் நுழைய முடியாது, அது வெறும் நடைதான். ஈத்தரியல் தளம் என்ற வேறு உலகிலிருந்து வெளிப்படும் கோஸ்ட் மட்டும் கரிஸ்மா சேவில் வென்றால் உள்ளே வரும்.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: புரொடெக்ஷனுக்குப் புனித நீர் ஒவ்வொரு முறையும் தேவையா? பொருளுக்கு மாற்றாக ஏந்தும் ஃபோகஸ் போதாதா?

போதாது. பொருள் தீர்ந்துபோகும் என்று எழுதியிருப்பதால் ஒவ்வொரு முறையும் கொடுத்தாக வேண்டும். குப்பி 25 தங்கம். கிளெரிக்கோ பாலடினோ தாமே செய்யலாம்: 1 மணி நேரச் சடங்கு, 25 தங்கத்துக்கு வெள்ளித் தூள், ஒரு முதல் நிலை ஸ்லாட். முகாமில் தூங்கப்போகும் முன் மீந்த ஸ்லாட்டை இதற்குக் கொடுங்கள். மூன்று குப்பி கையிருப்பு இல்லாமல் அந்த இலை வாட்டும் மாடிக்கு ஏறாதீர்கள்.