பிராக் நகரை நடந்தே பார்க்க: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பிராகில் எனக்கு இது பத்தாவது ஆண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய நகரத்தைச் சுற்றுவது எனக்குப் பிடித்த வேலை. இரண்டு நாள், ஒன்றரை நாள் பயணமாக வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வியன்னாவில் படிக்கிறேன் அக்கா. சனிக்கிழமை மதியம் வந்து, ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். எங்கே தொடங்கலாம்?

சனிக்கிழமை மதியம் சார்லஸ் பாலத்துக்குப் போகாதீர்கள் தம்பி. அந்த நேரத்தில் மனிதத் தலைகள்தான் தெரியும். அன்று பழைய நகரச் சதுக்கத்தையும் சுற்றியுள்ள சந்துகளையும் பாருங்கள். ஞாயிறு காலை 6 மணிக்குப் பாலத்தில் இருங்கள். ஜூன் மாதம் என்றால் 5 மணிக்கே விடிந்துவிடும். பாலம் 516 மீட்டர் நீளம், அதன் மேல் 30 சிலைகள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றின் முன்பும் நின்று பார்க்கலாம். 1342 வெள்ளம் பழைய கல்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பதிலாக 1357இல் மன்னர் நான்காம் சார்லஸ் கட்டத் தொடங்கியதுதான் இது.

பாலத்தில் ஏறும் முன், பழைய நகரப் பக்கம் ஆற்றங்கரைச் சுவரைக் குனிந்து பாருங்கள். தாடிக்காரர் ஒருவரின் கல்முகம் பதித்திருக்கும். வல்தாவா ஆறு அந்தத் தாடியைத் தொட்டால் வெள்ளம் வருகிறது என்று அந்தக் காலத்தில் கணக்கு. பாலம் தாண்டியதும் மெதுவாகக் கோட்டைக்கு ஏறுங்கள். ஞாயிறு காலை கோட்டைக்குள் உள்ள புனித வீட்டஸ் பேராலயத்தில் பூசை நடக்கும், பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். அதுவரை கோட்டை முற்றங்களில் சுற்றுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. 1344இல் தொடங்கிய அந்த ஆலயத்தைக் கட்டி முடித்தது 1929இல்!

அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. கோட்டைக்கு அவரை நடத்திக் கூட்டிப்போக முடியுமா?

முடியும், ஆனால் ஏற வைக்காதீர்கள். 22ஆம் எண் டிராமில் ஏறி, கோட்டையின் பெயரையே கொண்ட ‘ப்ராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டை வாசல்வரை ஏறக்குறைய சமதளம்தான். பார்த்து முடித்ததும் படிக்கட்டு வழியாகக் கீழே வரலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதல். அதே டிராமில் கீழே மாலா ஸ்ட்ரானா சதுக்கத்துக்கு வந்துவிடலாம். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் அச்சிட வேண்டும். என் மாமியார் இது தெரியாமல் கையில் புது டிக்கெட்டோடு அபராதம் கட்டினார்.

செருப்பு போதுமா, ஷூ கட்டாயமா?

கட்டாயம் ஷூ. அதுவும் தடித்த, வளையாத அடிப்பாகம் உள்ளது. தெருவெல்லாம் உருண்டைக் கருங்கல். மெல்லிய செருப்பில் நடந்தால் மாலையில் பாதம் எரியும். மழையில் வழுக்கவும் செய்யும்.

நாங்கள் சாப்பிட்ட உணவகம் பூமிக்குக் கீழே இருந்தது. வளைந்த கல் கூரை. போர்க்காலப் பதுங்கிடமா?

இல்லை. அது ஒரு காலத்தில் தரைத்தளம்! இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆறு அடிக்கடி பெருகி ஊருக்குள் வந்ததால், 13ஆம் நூற்றாண்டில் பழைய நகரத்தின் தெருமட்டத்தையே மண்கொட்டி உயர்த்தினார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகளின் கீழ்த்தளம் அப்படியே நிலவறையாகிப் போனது. நீங்கள் சாப்பிட்ட மேசை இருந்த இடத்தில் 800 ஆண்டுகளுக்கு முன் தெருவாசலிலிருந்து நேராக நடந்து வந்திருப்பார்கள்.

அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: இந்த ஊரில் கோபுரத்தைப் பார்க்கிற அளவுக்குத் தரையையும் பாருங்கள். பழைய நகராட்சிக் கட்டடத்தின் ஓரம் 27 வெள்ளைச் சிலுவைகள் கல்லில் பதித்திருக்கும். பேரரசரை எதிர்த்த கிளர்ச்சி 1620இல் வெள்ளைமலைப் போரில் தோற்றது. மறு ஆண்டு ஜூன் 21 அன்று அதன் தலைவர்கள் 27 பேரை அந்த இடத்தில் கொன்றார்கள். அவர்களில் 12 பேரின் தலைகள் பாலத்துக் கோபுரத்தில் பத்து ஆண்டுகள் தொங்கின. அந்தச் சிலுவைகள் மீது நின்றுகொண்டுதான் பலர் அதே கட்டடத்தின் வானியல் கடிகாரத்தைப் படம் பிடிக்கப் போகிறார்கள். தயவுசெய்து நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

வீட்டு வாசல்களில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடுகளும் கண்ணில் படும். நாஜிகள் அங்கிருந்து கொண்டுபோன ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள். ஒரே வாசலில் நான்கு தகடுகள் இருந்தால் அது பெரும்பாலும் ஒரு குடும்பம்.

வானியல் கடிகாரத்தை அரை மணி நேரம் நின்று பார்த்தோம். பொம்மைகள் வந்த வேகத்தில் போய்விட்டன. ஏமாற்றம்தான்.

பொம்மைகளுக்காக நிற்க வேண்டாம், முகப்பைப் படியுங்கள். 1410இல் வைத்த கடிகாரம். வெளிவட்டத்தில் 24 எண்கள் இருக்கும். சூரியன் மறையும் நேரத்திலிருந்து நாளைத் தொடங்கும் பழைய செக் கணக்கு அது. நம் ஊரில் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணினோம், இவர்கள் அஸ்தமனத்திலிருந்து. உள்ளே ஒரு ராசி வட்டமும் சுழல்கிறது. சூரியன் எந்த ராசியில் நிற்கிறது, நிலவு வளர்கிறதா தேய்கிறதா என்பதையும் பார்க்கலாம். மணி அடிக்காத நேரத்தில் போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம்.

சைவம் மட்டும்தான். பட்டினியா?

இல்லவே இல்லை. இந்திய உணவகங்களும் சைவ உணவகங்களும் நிறைய உண்டு. செக் கடையில் என்றால் ‘ஸ்மஜெனி சீர்’, அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, எங்கும் கிடைக்கும். சூப்பில் மட்டும் கவனம். காய்கறி சூப் என்பார்கள், இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். தெருமூலையெல்லாம் சுட்டு விற்கும் ‘ட்ர்டெல்னிக்’ இனிப்பைப் பழைய பிராக் பலகாரம் என்று நம்பி வரிசையில் நிற்க வேண்டாம். சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தது அது.

பணம் எங்கே மாற்றுவது?

செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. ‘கமிஷன் 0’ என்ற பலகையைப் பார்த்து உள்ளே போகாதீர்கள். தட்டில் பணத்தை வைக்கும் முன், கையில் எத்தனை கொருனா வரும் என்று கேளுங்கள். மாற்றிய பிறகு ஏமாந்தது தெரிந்தால், 1000 யூரோ வரையிலான தொகைக்கு 3 மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலான இடங்களில் கார்டே போதும்.

ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. முகவரி கண்டுபிடிக்க முடியாமல் சுற்றினோம்.

நீலத் தகடு தெருவில் வரிசை எண், தேடுவதற்கு அதைப் பாருங்கள். சிவப்பு, அந்தப் பகுதியின் பதிவேட்டு எண். எண்களே வருமுன், 1770 வரை, வாசலுக்கு மேலிருந்த சித்திரம்தான் முகவரி. கோட்டையிலிருந்து இறங்கும் நெருதோவா தெருவில் இன்றும் இருக்கின்றன: மூன்று வயலின்கள், இரண்டு சூரியன்கள். குழந்தைகள் கூட வந்தால், யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பந்தயம் வையுங்கள். கால்வலி மறந்துவிடும்.

யூதர் பகுதியை ஒரு மணி நேரத்தில் பார்க்க முடியுமா?

ஒரு மணி நேரம் போதாது. பின்காஸ் தொழுகைக்கூடச் சுவர்களில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். அதையொட்டிய கல்லறையில் இடம் விரிவாக்க வழியில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் புதைத்தார்கள், 12 அடுக்கு வரை. கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு சாய்ந்து நிற்பது அதனால்தான். அரைநாள் ஒதுக்குங்கள். சனிக்கிழமை மூடியிருக்கும்.

பிராகுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டென்று ஆசிரியர் சொன்னார். பார்க்க ஏதாவது இருக்கிறதா?

உண்டு. தமிழறிஞர் கமில் சுவலபில் பிறந்தது இந்த ஊரில், 1927இல். 1348இல் நிறுவிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, இங்கிருந்தே தமிழ் ஆய்வு செய்தார். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டுப் போனார்.

யூதர் பகுதியிலிருந்து ஆற்றை நோக்கி இரண்டு நிமிடம் நடந்தால் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் வரும். அது நிற்கும் சதுக்கத்துக்கு யான் பாலாக் பெயர். அதே புலத்தின் மாணவர், 20 வயது. படையெடுப்புக்கு மக்கள் பழகிப்போகிறார்களே என்று 1969 ஜனவரி 16 அன்று தீக்குளித்தார், மூன்று நாள் கழித்து இறந்தார். அவர் தீக்குளித்த இடம் வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில், தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால். அங்கே சிலை எதுவும் இல்லை. நடைபாதைக் கற்களுக்கு நடுவில், உருகித் தரையோடு படிந்ததுபோல் ஒரு சிலுவை. தேடித்தான் பார்க்க வேண்டும். ரயிலடியிலிருந்து பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம், ஊர் திரும்பும் நாளிலாவது போய்ப் பாருங்கள்.